சென்ற காலாண்டுப்படி

ஆகஸ்ட் 4, திங்கள்

லிஃப்ட் இன்றும் ஓடவில்லை. ஐந்து மாடி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தால் மேசையில் புது ஆணை. இந்தக் காலாண்டிலிருந்து அரசுக் கடன் புள்ளிவிவர வெளியீடு புது முறையில் வரவேண்டுமாம். அரசுக்குச் சொந்தமான கழகங்களுக்கு இதுவரைபோல ஆளுக்கொரு மொத்த எண் போட்டால் போதாது. அவை எவ்வளவு வாங்கின, யாரிடம் வாங்கின, ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகின்றனவா என்பதும் வேண்டும். வெளியிடும் தேதியையும் இணையதளத்தில் போட்டுவிட்டார்கள். ஆகஸ்ட் 29, மாலை நான்கு மணி. ஒரு நாள் முந்தக் கூடாது, பிந்தவும் கூடாது. இப்படி ஒரு தேதி வேண்டும் என்று மூன்று வருடம் குறிப்பு எழுதி ஓய்ந்தவன் நான்தான். கேட்டது கிடைத்தும் எரிச்சல் தீரவில்லை. பிரிவில் இருப்பது நானும், புதிதாக வந்திருக்கும் நஸ்ரினும். இரண்டு பேரை வைத்துக்கொண்டு தேர் இழுக்கச் சொல்கிறார்கள்.

தேதி வரும்வரை எந்த எண்ணையும் யாரிடமும், குடும்பத்தாரிடம்கூடச் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.

"சொன்னாலும் கேக்க ஆளில்லையே சார்" என்றாள் நஸ்ரின். உண்மைதான். முந்நூறு பிரதி அச்சடிக்கிறோம். என் பங்குக்கு வீட்டுக்குக் கொண்டுவருவதை லீலா அலமாரித் தட்டில் விரித்துவிடுகிறாள். தாள் நன்றாக இருக்கிறதாம்.

பாளையங்கோட்டையிலிருந்து ரூத் அக்கா போன் செய்தாள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடிந்து போன மாதம் வீட்டுக்கு வந்துவிட்டாள். பென்ஷன் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கையில் மொத்தமாக வந்தது பதினெட்டு லட்சம்.

"ஏல, இத வச்சுத்தான் இனிமே நான் கஞ்சி குடிக்கணும். எங்க போட?"

"பேங்க்ல போடுக்கா."

"ஒனக்கு எப்பவும் பேங்குதான். ஒன் கல்யாணத்துக்கு வந்த பணத்தையும் பேங்க்லதான் போட்ட" என்று சிரித்தாள்.

ஆகஸ்ட் 6, புதன்

நஸ்ரின் பழைய வெளியீடுகளை எல்லாம் கணினியில் ஏற்றி முடித்தாள். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரம் பார்த்து வந்து நின்றாள்.

"சார், சிறுநகரக் குடிநீர் நிதிக் கழகம். ஆறு வருஷமா நாப்பது கோடி. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. கடன் வாங்கின ஒருத்தன் ஆறு வருஷம் ஒத்த ரூபா கட்டாமலும் ஒத்த ரூபா மேல வாங்காமலும் இருப்பானா?"

அவளுக்கு எங்கள் வழக்கத்தை விளக்க வேண்டியிருந்தது. காலாண்டு தோறும் எல்லாக் கழகங்களுக்கும் படிவம் அனுப்புவோம். பதில் வராவிட்டால் முந்தைய தடவை கொடுத்த எண்ணையே எடுத்துப் போட்டுக்கொள்வோம். கோப்பில் 'சென்ற காலாண்டுப்படி' என்று எழுதி வைப்போம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஏற்படுத்தியது. அட்டவணையில் ஓட்டை விழாது, கூட்டுத்தொகை கெடாது. நல்ல வழக்கம் என்றே சொன்னேன்.

"கோப்புல எழுதறீங்க. புத்தகத்துல எழுதறதில்லையே சார்" என்றாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய் அதிகம். சாம்பார் ஆறிவிட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்

கழகத்தின் கணக்கு அலுவலர் பரஞ்சோதியிடம் போனில் பேசினேன். ஆறு வருடமாக ஏன் பதில் இல்லை என்று கேட்டால், மனிதர் வெகு இயல்பாகச் சொல்கிறார்: "நாங்க அனுப்பலைன்னா நீங்களே பழசப் போட்டுக்குவீங்கன்னு தெரியும் சார். எதுக்கு ரெண்டு பேருக்கும் வேலைன்னு விட்டுட்டோம்."

திங்கட்கிழமை நேரில் வருகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நஸ்ரினுடன் கழகத்துக்குப் போனேன். பரஞ்சோதி நல்ல மனிதர்தான். காபி வரவழைத்தார், மறைக்காமல் எல்லாவற்றையும் காட்டினார். கேட்டதும் கொடுக்கிறார்களே, ஆறு வருடமாக நாங்கள் ஏன் எழுந்து போய்க் கேட்கவில்லை என்று எனக்கே எரிச்சல் வந்தது.

ஜூன் இறுதியில் மொத்தக் கடன் இரண்டாயிரத்து முந்நூறு கோடி. அதில் வங்கிகளிடம் வாங்கியதற்கு அரசு உத்தரவாதம் கொடுத்திருக்கிறது. மீதி தொள்ளாயிரத்து நாற்பது கோடி பொதுமக்கள் போட்ட டெபாசிட். அதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. பெயரில் மட்டும்தான் அரசு. குழாய் பதிக்கக் கடன் வாங்கிய நகராட்சிகளில் பாதி இரண்டு வருடமாகத் தவணை கட்டவில்லை.

"அப்போ டெபாசிட் போட்டவங்களுக்கு வட்டி எதுலேர்ந்து கொடுக்கறீங்க?" என்று கேட்டாள் நஸ்ரின்.

"புது டெபாசிட்லேர்ந்து" என்றார் பரஞ்சோதி. கூச்சமே இல்லை. தினமும் ஐம்பது அறுபது பேர் போடுகிறார்களாம். பாதிப் பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், அதிலும் பெண்கள் அதிகம். அவர்களுக்கு அரை சதவீதம் கூடுதல் வட்டி.

திரும்பும் வழியெல்லாம் நஸ்ரின் குறித்துக்கொண்ட எண்களை மறுபடி மறுபடி கூட்டிக்கொண்டே வந்தாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் அக்கா போன். பணத்துக்கு இடம் பார்த்துவிட்டாளாம்.

"சிறுநகரக் குடிநீர் நிதிக் கழகம்னு ஒண்ணு இருக்காம்ல. கவர்மெண்டு கழகம். பொம்பளையளுக்கு ஒம்பதரை வட்டி. எங்க சபை செல்லத்துரைதான் ஏஜெண்டு. மாசா மாசம் அக்கவுண்டுல வந்து விழுந்துருமாம்."

"பேங்க்லயே போடேன்க்கா" என்றேன்.

"ஏன், இதுல என்ன கொற?"

"கொறன்னு இல்ல. அவசரப்படாத."

"நான் என்ன சின்னப் பிள்ளையா? நல்லா வெசாரிச்சுட்டுதான் சொல்லுதேன். காரணம் இருந்தா சொல்லு, நிறுத்துதேன்."

காரணம் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எத்தனையோ பேர் தம்பிக்கு, மச்சானுக்கு என்று முன்கூட்டியே காதில் ஓதித்தான் இந்தத் துறைக்கே கெட்ட பெயர். அந்த வரிசையில் நான் சேரமாட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

சமையல் எரிவாயு வந்தது. வேலை அதிகம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இயக்குநர் சுகந்தி மேடத்தைப் பார்த்து, கணக்கெல்லாம் தயாராகிவிட்டது, வெளியீட்டை இருபத்தொன்றாம் தேதிக்கே கொண்டுவரலாமே என்று கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "தானியேல், குறிச்ச தேதிக்கு முன்னாடி வந்தா யாருக்கோ சாதகம் பண்ணினதா சொல்லுவாங்கன்னு எனக்கு நாலு பக்கம் குறிப்பு எழுதினது யாரு?"

"நான்தான் மேடம்."

"அப்புறம் என்ன?"

என் எழுத்தே என் கழுத்தைப் பிடிக்கிறது. ஏன் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா தெரியாது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றினார்கள். லட்டு கொடுத்தார்கள். வீட்டில் லீலா, "மூணு நாளா உம்முன்னு இருக்கீங்களே, ஆபீஸ்ல ஏதாவதா?" என்று கேட்டாள். பல் வலி என்றேன். கிராம்புத் தைலம் எடுத்துக் கொடுத்தாள். வலிக்காத பல்லில் தடவிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அட்டவணை ஏழு முடிந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது, எந்தத் தேதிக்கு உரியது என்று நஸ்ரின் ஒரு பத்தி சேர்த்திருக்கிறாள். பதில் தராத கழகங்களின் பெயரையும் அப்படியே போட்டிருக்கிறாள். நன்றாக இருக்கிறது. அவளிடமும் சொன்னேன்.

மாலை அக்கா லீலாவிடம் பேசியிருக்கிறாள். ஒன்பதரை வட்டி இருபத்திரண்டாம் தேதி வரைதானாம். அதற்குள் போட்டுவிடப் போகிறாளாம்.

ஆகஸ்ட் 20, புதன்

அலுவலக மாடியில் நின்று அக்காவுக்குப் போன் செய்தேன். உடனே எடுத்தாள். அங்கே மழை உண்டா என்று கேட்டேன். இல்லை என்றாள். வேறென்ன என்றாள். வேறொன்றுமில்லை என்றேன். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள். போனை வைத்துவிட்டேன்.

நம் வார்த்தைக்கு மதிப்பு வேண்டும் என்றால் அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரவேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அரிசி மூட்டை வந்தது. கைபேசியை வீட்டிலேயே மறந்துவிட்டு அலுவலகம் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

அக்காவே கூப்பிட்டாள். சந்தோஷமாக இருந்தாள். நேற்று மதியம் செக் கொடுத்துவிட்டாளாம், ரசீதும் வந்துவிட்டதாம். பதினெட்டு லட்சமும்.

"ஒன்னயத்தான் நாள் பூரா கூப்புட்டேன், எடுக்கல. சரி, புத்தகம்தான் கையில இருக்கேன்னு போட்டுட்டேன்."

"என்ன புத்தகம்?"

"ஒன் புத்தகம்தாம்ல. கிறிஸ்மஸுக்கு வரும்போதெல்லாம் கொண்டாந்து போட்டுட்டுப் போவியே. நைட் டூட்டியில எல்லாத்தையும் வரி விடாமப் படிச்சிருக்கேன். தம்பி பேரு உள்ள பக்கத்த டாக்டரம்மாவுக்குக்கூடக் காட்டியிருக்கேன். இந்தக் கழகத்தையும் அதுல பாத்துட்டுதான் போனேன். ஆறு வருசமா நாப்பது கோடி, அதே நாப்பது கோடி. கண்டபடி கடன் வாங்காத கழகம். ஒனக்கு என்னத்துக்குப் பயம்னு எனக்குப் புரியல."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. போனை வைத்துவிட்டு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். யாரும் படிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டே இத்தனை வருடம் அச்சடித்திருக்கிறோம். ஒருத்தி படித்திருக்கிறாள்.

லீலா கதவைத் தட்டினாள். பல் வலி என்றேன். "எந்தப் பக்கம்?" என்றாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

கழகத்தின் தலைவர் இயக்குநரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பிறகு மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு காலாண்டு அவகாசம் கேக்கறாங்க. இந்த ஒரு தடவை மட்டும் பழைய நாப்பது கோடி. நவம்பர் வெளியீட்டுல முழுசா வரட்டும்ங்கறாங்க. அதுக்குள்ள நகராட்சிகள்கிட்ட வசூல் பண்ணிடுவாங்களாம்."

"பண்ணுவாங்களா மேடம்?"

"ஆறு வருஷம் தப்பா அச்சடிச்சோம், ஒருத்தரும் கேக்கல. ஏழாவது வருஷமும் தப்பா அச்சடிச்சா கேக்க மாட்டாங்க. சரியா அச்சடிச்சாதான் கேப்பாங்க" என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, "நீங்க கையெழுத்துப் போடற பக்கம். யோசிச்சு வியாழக்கிழமை சொல்லுங்க" என்றார்.

இடத்துக்கு வந்து கழகத்தின் விதிமுறையை எடுத்துப் பார்த்தேன். டெபாசிட் போட்டு மூன்று மாதம் ஆனால் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம். அக்காவுக்கு நவம்பர் 22. சனிக்கிழமை. திங்கட்கிழமை 24 அன்று எழுதிக் கொடுத்தால் நாலு நாளில் பணம் வந்துவிடும். நவம்பர் வெளியீடு 28.

இதை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பார்த்தேன். பிறகு சின்னதாகக் கிழித்தேன். குப்பைக்கூடையில் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நஸ்ரினிடம் கழகத்துக்காரர்கள் கேட்பதைச் சொன்னேன். வசூலுக்கு அவகாசம் கொடுப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை, திடீரென்று வெளியிட்டால் எல்லோரும் ஒரே நாளில் போய் நிற்பார்கள், இருக்கிற டெபாசிட்காரர்களுக்குத்தான் நஷ்டம் என்று நன்றாகவே வாதாடினேன். எனக்கே நம்பிக்கை வருகிற மாதிரி இருந்தது.

அவள் கேட்டுவிட்டு, "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுக்கு நாமளே இலை போடணுமா சார்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நாளொன்னுக்கு ஐம்பது பேர்னு சொன்னாரே. இந்த மூணு மாசத்துல வந்து போடப்போறவங்க இப்ப நிம்மதியாத் தூங்கிட்டு இருப்பாங்க, இல்ல?" என்றாள்.

அவளுக்கு என் அக்காவைப் பற்றித் தெரியாது. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. காபி குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

ஒரு ரூத் வெளியே வர, நான்காயிரம் ரூத்கள் உள்ளே போகவேண்டும். வேறு விதமாகக் கூட்டிப் பார்த்தாலும் இதுதான் வருகிறது.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி விடுமுறை. எதிர்வீட்டுக் கொழுக்கட்டை வந்தது. லீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதுவும் விதிமீறல்தான். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

அவள் முழுக்கக் கேட்டாள். "அன்னைக்கே அண்ணிகிட்ட ஒரு வார்த்தை, வேண்டாம்னு மட்டும், சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொன்னேனே, பேங்க்ல போடுன்னு."

"அத நீங்க எல்லாருக்கும் சொல்றதுதான்" என்றாள். கொழுக்கட்டைத் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மேடத்தின் அறைக்குப் போய்க் கையெழுத்துப் போட்ட பக்கத்தை வைத்தேன். இரண்டாயிரத்து முந்நூறு கோடி. கீழே நஸ்ரினின் குறிப்பு: கடந்த ஆறு ஆண்டுகளாகக் கழகத்திடமிருந்து பதில் பெறாமல் பழைய எண்ணே திரும்ப வெளியிடப்பட்டது, அந்த எண்கள் பிழையானவை.

"இன்னொண்ணும் சொல்லணும் மேடம். எங்க அக்கா போன வாரம் அதுல பதினெட்டு லட்சம் போட்டிருக்காங்க. அவங்களோட மொத்தப் பணமும் அதுதான்."

"எண்ணு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"பதினொண்ணாந்தேதி."

"அவங்க போட்டது?"

"இருபத்திரண்டு."

"சொல்லலையா நீங்க?"

"இல்ல."

தாளை மறுபடி ஒருமுறை படித்தார். பாராட்டுவாரோ என்று ஒரு நிமிடம் எதிர்பார்த்தேன், அதற்காக வெட்கப்படுகிறேன். அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "கடவுளே" என்று மட்டும் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நான்கு மணிக்கு வெளியானது. நஸ்ரின்தான் பொத்தானை அழுத்தினாள். நாலரை வரை எதுவும் நடக்கவில்லை. ஐந்து மணிக்கு மேல் அலுவலகத்தின் எல்லாத் தொலைபேசிகளும் அடித்தன.

ஆகஸ்ட் 30, சனி

அக்காவைக் கூப்பிடக் கை வரவில்லை. வெளியீட்டில் ஒரு பிரதியை எடுத்துக் கூரியரில் போட்டேன். கடிதம் எதுவும் இணைக்கவில்லை, அடையாளமும் வைக்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டது. கழகத்தின் வாசலில் கூட்டம், போலீஸ். டெபாசிட்டை முன்கூட்டி எடுக்கும் வசதி மறு அறிவிப்பு வரை நிறுத்தப்பட்டது. புது டெபாசிட் வாங்குவதையும் நிறுத்திவிட்டார்கள். இந்த மாத வட்டி வருமா என்று யாருக்கும் தெரியவில்லை. மேடத்துக்கு மாற்றல் வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். பரஞ்சோதி போன் செய்து, "நேர்ல வராம இருந்திருக்கலாம் சார்" என்றார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

லிஃப்ட் சரியாகிவிட்டது. மாதம் பதினைந்தாயிரம் அக்காவுக்கு அனுப்ப வங்கியில் ஏற்பாடு செய்தேன். பதினெட்டு லட்சத்துக்கு அவளுக்கு வந்திருக்கவேண்டிய வட்டி கிட்டத்தட்ட அவ்வளவு.

செப்டம்பர் 4, வியாழன்

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அக்கா கூப்பிட்டாள். குரல் எப்போதும்போல இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"என் அக்கவுண்டுல பதினஞ்சாயிரம் வந்திருக்கு. நீயா?"

"ஆமாக்கா."

"திருப்பி அனுப்பிட்டேன். இனி அனுப்பாத."

பாதி கழற்றிய சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்தேன்.

"ஒனக்கு முன்னாலயே தெரியுமால?"

"தெரியும்."

"நான் போடுததுக்கு முன்னாலயேவா?"

"ஆமா. சொல்லக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருந்தேன்க்கா."

"கையெழுத்து நாங்களும்தான் போட்டோம். பேசண்டு வெசயத்த வெளிய விட்டதில்ல. அதுக்காக வெசத்தக் குடிக்கப் போறவன் கையத் தட்டிவிடாம இருந்ததுமில்ல" என்றாள். திட்டவில்லை. ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த பெண்களுக்கு ஊசி போடச் சொல்லிக்கொடுக்கிற குரல்.

மன்னிச்சிரு என்றேன். அதைக் கேட்டாளா தெரியவில்லை. தாளைப் புரட்டும் சத்தம் வந்தது. என் கூரியர் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"பதினாலாம் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கேன். பொதுமக்கள் டெப்பாசிட்டு தொள்ளாயிரத்து நாப்பது கோடின்னு போட்டிருக்கியே, இதுல என் பதினெட்டு லட்சம் இருக்கா?"

"இல்லக்கா. இது ஜூன் வரைக்கும் உள்ள கணக்கு. உன்னோடது அடுத்ததுலதான் வரும்."

அவள் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது.

"சரி" என்றாள். "அடுத்ததுலயாவது விட்டுராமச் சேத்துப் போடு."